முகம் பார்க்கும் கேமரா பிறந்த கதை

திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று மாலை ஐந்து மணிக்கு மேல் செல்ஃபி எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். வானம் அருமையாக விழுந்திருக்கிறது, கோபுரமும் முகமும் கறுத்துப் போய்விட்டன. போன் சரியில்லை என்று ஒருவர், நல்ல போன் வாங்க வேண்டும் என்று இன்னொருவர். போனைக் குறை சொல்வதற்கு முன் மலையைப் பார்க்க வேண்டும். கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. ராஜகோபுரம் கிழக்கு பார்த்தது. பொழுது சாயச் சாய வெயில் மலைக்கும் கோபுரத்துக்கும் பின்னால் போய்விடும். கோபுரத்தின் முகமும் நிழலில், நம் முகமும் நிழலில், பின்னால் வானம் மட்டும் எரியும். அதே இடத்தில் காலை ஏழு மணிக்கு நின்றால் சூரியன் நேர் எதிரே இருந்து இரண்டு முகத்துக்கும் வெளிச்சம் போடும்.

இது கிழக்கு மேற்கு தெரிந்தால் தீர்ந்துவிடும். ஆனால் அந்த மாலை வெளிச்சத்தில் பின்பக்கக் கேமரா ஓரளவு சமாளிக்கிறதே, முன்பக்கக் கேமரா மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கைவிரிக்கிறது என்று கேட்டால், அது பிறந்த கதைக்குள் போகத்தான் வேண்டும். நம் முகத்தை அழகாகப் படம் எடுப்பதற்காக அது பிறக்கவே இல்லை.

தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும் ஆசை மட்டும் பழையது. கேமராவுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1839-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ராபர்ட் கொர்னீலியஸ் என்பவர், தம் குடும்பத்து விளக்குக் கடையின் பின்கட்டில் கேமராவை நிறுத்தித் தம்மைத் தாமே எடுத்துக்கொண்டார். நிமிடக் கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டிய காலம் அது. படத்தில் ஆள் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறார். தலைமுடி கலைந்திருக்கிறது. சட்டத்துக்குள் தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. நம் நாட்டில் திரிபுரா மன்னர் பீர்சந்திர மாணிக்யா, 1880 வாக்கில் ராணி மன்மோகினியோடு அமர்ந்து, கைக்கு எட்டிய நெம்புகோலால் ஷட்டரை இயக்கி ஒரு படம் எடுத்தார். இந்தியாவின் முதல் செல்ஃபி என்று அதைச் சொல்வார்கள். ஷட்டரைத் தொடும் சிக்கலை மன்னர் தீர்த்துவிட்டார். தன்னைப் பார்த்துக்கொண்டே எடுக்கும் சிக்கல் அப்படியே இருந்தது. அடுத்த நூறு ஆண்டுக் கதை முழுக்க அந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான்.

ஜப்பானில் மினோல்டா கேமரா நிறுவனத்தில் ஹிரோஷி உவேடா என்றொரு பொறியாளர் இருந்தார். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் தம்மைப் படம் எடுத்துத் தரும்படி ஒரு பையனிடம் கேமராவைக் கொடுத்தார். பையன் கேமராவோடு ஓடிவிட்டான். யாரையும் நம்பாமல் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் நீட்டி மடக்கும் கோல் ஒன்றைச் செய்தார். முகம் தெரிவதற்காகக் கேமராவின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி. 1983-இல் மினோல்டாவின் டிஸ்க்-7 கேமரா அந்தக் கண்ணாடியோடு வந்தது. கோல் விலைபோகவில்லை. பொது இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பெண்களுக்குக் கூச்சமாக இருந்ததாம். காப்புரிமைக் காலமும் முடிந்து, அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் உலகம் அந்தக் கோலைக் கையில் எடுத்தது. உவேடாவுக்கு அதில் ஒரு காசும் வந்திருக்காது.

போனுக்குள் கேமரா வந்ததும் ஜப்பானில்தான். 1999-இல் கியோசெரா நிறுவனம் விபி-210 என்ற போனை வெளியிட்டது. அதன் கேமரா முன்பக்கத்தில், பேசுபவரின் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. 1,10,000 பிக்சல். நொடிக்கு இரண்டு படம் வீதம் எதிர்முனைக்கு அனுப்பும். முகம் பார்த்துப் பேசுவதுதான் அதன் வேலை. அடுத்த ஆண்டு ஷார்ப் நிறுவனம் செய்த ஜே-எஸ்.எச்.04 போனில் கேமரா பின்பக்கத்தில். ஆனால் லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு பொட்டுக் கண்ணாடி பதித்திருந்தார்கள், தன்னை எடுத்துக்கொள்பவர் முகத்தைச் சரிபார்த்துக்கொள்ள. இந்த இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கை புரியும். செல்ஃபிக்கென்று யோசித்துச் செய்தது பின்பக்கக் கேமராவும் கண்ணாடியும். முன்பக்கக் கேமரா பேசுவதற்காகச் செய்தது.

அந்தப் பேச்சு ஆசையும் பழையதுதான். அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியைக் காட்டியது. 1970-இல் பிட்ஸ்பர்க்கில் சேவையாகவும் தொடங்கியது. ஆள் வரவில்லை. தலைவாராமல் போனை எடுக்கலாம் என்பது தொலைபேசியின் பெரிய வசதி. அதை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை என்று நினைக்கிறேன். இந்தத் தோல்வியை மறந்து 2000-இல் அதே ஆசைக்கு மறுபடி உயிர் கொடுத்தது பணம். பிரிட்டனில் மட்டும் 3ஜி அலைக்கற்றை ஏலம் 2,200 கோடி பவுண்டைத் தாண்டியது. கொட்டிய பணத்தை எடுக்க, அதுவரை செய்ய முடியாத ஏதோ ஒன்றை மக்களுக்கு விற்றாக வேண்டும். வீடியோ அழைப்புதான் அந்தச் சரக்கு. அதற்காகப் போனின் நெற்றியில் இரண்டாவதாக ஒரு கேமரா ஏறியது. மலிவாக இருக்க வேண்டும், மெல்லியதாக இருக்க வேண்டும், கைநீட்டும் தூரத்தில் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். ஃபோகஸ் செய்யும் மோட்டார்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

நம் ஊர்க் கதை இன்னும் வேடிக்கை. 2006-இல் வந்த நோக்கியா என்73 இங்கே கையில் வைத்திருந்தாலே பெருமை. அதில் முன்பக்கக் கேமராவும் இருந்தது. அதை வைத்துப் பேச 3ஜி இந்தியாவில் இல்லை. பி.எஸ்.என்.எல். 2009-இல்தான் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தது. தனியார் நிறுவனங்கள் 2010 ஏலத்துக்குப் பிறகு வந்தன. எனவே சில ஆண்டுகள் அந்தச் சின்ன லென்ஸ் எதற்கென்றே தெரியாமல் ஆயிரக்கணக்கான சட்டைப் பைகளில் சும்மா இருந்தது.

2010 ஜூன் 7 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4-ஐ அறிமுகப்படுத்தியபோதும் முன்பக்கக் கேமராவுக்குச் சொன்ன காரணம் வீடியோ அழைப்புதான். மேடையிலிருந்தே வடிவமைப்பாளர் ஜோனி ஐவை அழைத்துப் பேசிக் காட்டினார். பின்பக்கக் கேமரா 5 மெகாபிக்சல், முன்பக்கம் வெறும் வி.ஜி.ஏ., அதாவது அரை மெகாபிக்சல்கூட இல்லை. அந்த அழைப்பும் வைஃபை இருந்தால்தான் வேலை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தது. அழைக்க ஆள் இல்லாமல் இருந்த கேமராவுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. திரையில் தன் முகத்தைப் பார்த்தபடி, இருந்த இடத்திலிருந்தே படம் எடுக்கலாம். கொர்னீலியஸுக்கும் திரிபுரா மன்னருக்கும் கிடைக்காதது அது. அதைக் கண்டுபிடித்தது பொறியாளர்கள் இல்லை, பயன்படுத்தியவர்கள்.

இன்று கேமரா செட்டிங்ஸுக்குள் போனால் முன்பக்கக் கேமராவுக்கென்று இருக்கும் பொத்தான்களில் பெரும்பாலானவை இந்தப் பிறவிக் குறைகளைச் சரிக்கட்டப் பின்னால் சேர்த்தவை. எது எதற்காக வந்தது என்று தெரிந்தால், எதைத் தொட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கண்ணாடியிலிருந்து தொடங்கலாம். வீடியோ அழைப்பில் நம் முகம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தெரியாவிட்டால், தலையை ஒரு பக்கம் சாய்த்தால் திரையில் மறுபக்கம் சாயும், நமக்குக் குழம்பிவிடும். ஆகவே திரையில் பிரதிபலிப்பாகக் காட்டினார்கள். படத்தைச் சேமிக்கும்போது பல போன்கள் அதை நேராக்கிவிடும். திரையில் அழகாக இருந்த முகம் படத்தில் ஏதோ கோணலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். 1977-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒருவரின் படத்தை நேராகவும் இடவலம் மாற்றியும் காட்டினால், அவருக்குக் கண்ணாடிப் பிம்பம் பிடிக்கிறது, அவருடைய நண்பர்களுக்கு நேர்ப்படம் பிடிக்கிறது. அவரவர் தினம் பார்த்துப் பழகியது எதுவோ அதுவே அழகு. செட்டிங்ஸில் ‘மிரர்’ என்று தொடங்கும் பொத்தானைப் போட்டால் திரையில் கண்டபடியே படம் விழும். ஆனால் அப்போது இடத்தோள் முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும், சட்டைப் பை பக்கம் மாறும், பின்னால் இருக்கும் லாட்ஜ் பெயர்ப்பலகையை யாராலும் படிக்க முடியாது. கோயிலூரில் பலகை இல்லாத பின்னணி ஏது? அணைத்தே வையுங்கள். படத்தைப் பார்க்கப்போகிறவர்கள் உங்களை நேராகவே பார்த்துப் பழகியவர்கள்.

அடுத்தது மூக்கு. இதற்குக் கேமராவைத் திட்டிப் பயனில்லை, தூரம்தான் காரணம். கைநீட்டும் தூரத்தில் லென்ஸுக்கு மூக்கு கிட்டே, காது எட்ட. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கணக்குப்படி, ஓரடித் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்தடித் தூரத்தில் எடுத்ததைவிட 30 சதவீதம் அகலமாகத் தெரியும். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி வருபவர்களைக் கண்டு, முக அறுவை மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரும் குழுவினரும் போட்ட கணக்கு அது.

நல்ல முகப்படத்துக்கும் திருவண்ணாமலைக்கும் பழைய உறவு உண்டு. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை மாட்டியிருக்கும் ரமண மகரிஷியின் மார்பளவுப் படம், பெங்களூர் ஜி.ஜி. வெல்லிங் 1946-இல் எடுத்தது. 1950 ஏப்ரலில், ரமணர் மறைந்த நாட்களில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் ரமணாசிரமத்தில் இருந்தார். (‘நான் யார்’ என்று கேட்கச் சொன்னவரின் ஊரில் செல்ஃபியா என்ற சிலேடையை எல்லாரும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள்; விட்டுவிடுவோம்.) லைக்கா கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் கார்த்தியே-பிரெஸ்ஸோனின் அடையாளம். அந்த லென்ஸில் முகம் எடுக்கக் கைநீட்டும் தூரத்தைவிட நன்றாகத் தள்ளித்தான் நிற்க வேண்டும். முகம் முகமாக இருப்பது அந்தத் தூரத்தில்தான். கைபேசியில் அதற்கு வழி, போனை எங்காவது சாய்த்து வைத்து டைமர் போடுவது. சில போன்களில் உள்ளங்கையைக் காட்டினாலே போதும். கோயில் வாசலில் நின்று அபய முத்திரை பிடித்தால் படம் விழுகிறது என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. அப்படி வைக்கிறபோது பின்பக்கக் கேமராவிலேயே எடுங்கள். போனில் இருக்கும் நல்ல லென்ஸ் அதுதான்.

கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் கோபுரத்தோடு ஒரு தகராறு இருக்கிறது. ராஜகோபுரம் 217 அடி. அதன் காலடியில் நின்றுகொண்டு உச்சிக் கலசமும் வேண்டும் என்று போனைத் தாழ்த்தி அண்ணாந்து பிடிப்பார்கள். கலசம் வந்துவிடும், கூடவே தாடையும் மூக்குத் துவாரமும் வரும். தேரடி வீதியைத் தாண்டிக் கிழக்கே நூறு இருநூறு மீட்டர் தள்ளிப் போனால், கண்மட்டத்துக்குச் சற்று மேலே போனைப் பிடித்தபடியே முழுக் கோபுரமும் அடங்கும். எந்தப் பொத்தானும் செய்யாத வேலையை இந்த நடை செய்யும்.

இப்போது அந்தக் கறுத்த முகத்துக்கு வரலாம். கேமரா, காட்சியின் மொத்த வெளிச்சத்தைச் சராசரி பார்த்து ஒரு முடிவெடுக்கிறது. வானம் பெரிதாக இருந்தால் வானத்துக்குச் சாதகமாக முடிவெடுக்கும். கடலையும் வானத்தையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாமல் 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் திணறினார். வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். இன்று எச்.டி.ஆர். என்று நம் போனில் இருப்பது அதே யுக்திதான். சில படங்களை வெவ்வேறு வெளிச்ச அளவில் சட்டென்று எடுத்து ஒன்றாக்குகிறது. ஐபோனில் 2010-இல் வந்தது. செட்டிங்ஸில் அது அணைந்திருந்தால் போட்டு வையுங்கள். அப்புறம் முகத்தைத் தொட்டுக் காட்டுங்கள், இதை வைத்து வெளிச்சத்தை அள என்று சொல்வதுபோல. விபூதிப் பட்டை அடர்த்தியாக இருந்தால் நெற்றியைத் தொடாதீர்கள். வெள்ளையை அளந்துவிட்டு முகத்தை இன்னும் கறுப்பாக்கிவிடும். கன்னத்தைத் தொடுங்கள். தொட்ட இடத்தில் சூரியன் போன்ற ஒரு குறி வரும், அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். செல்ஃபியில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு சங்கதியைச் சொல்லச் சொன்னால் நான் இந்தக் குறியைத்தான் சொல்வேன்.

‘பியூட்டி’ பொத்தானைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதன் பூர்வீகம் இரண்டு. ஒன்று, 1995-இல் ஜப்பானில் வந்த புரிகுரா என்ற படப்பெட்டி. பள்ளி மாணவிகள் உள்ளே போய்ப் படம் எடுத்து ஸ்டிக்கராக வாங்கிக்கொள்வார்கள். முகத்தைப் பளிச்சென்று ஆக்குவதும் கண்ணைப் பெரிதாக்குவதும் அங்கே பிறகு சேர்ந்தன. 2008-இல் சீனாவில் மெய்டு என்ற செயலி அதைக் கணினிக்கும் பிறகு கைபேசிக்கும் கொண்டுவந்தது. மற்றது நம் வீட்டுக் கதை. ஊர் ஸ்டூடியோக்களில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் இருக்கும். எடுத்த பிறகு நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து கருமையையும் தழும்பையும் குறைப்பார்கள். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் இன்னும் ஒரு சுற்று. இன்றைய போன்கள் பலவற்றில் அந்த வேலை கேட்காமலேயே நடக்கிறது. நிறத்தில் இந்த ஓரவஞ்சனை புதிதில்லை. கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம், நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வெள்ளைக்காரப் பெண்ணின் படம் ஒன்றை அளவுகோலாக அச்சுக்கூடங்களுக்கு அனுப்பியது. கறுத்த தோலை உள்ளபடி காட்டுவதையே ஒரு வசதியாகச் சொல்லி கூகுள் 2021-இல் பிக்சல் 6-ஐ விற்றது. அதுவரை எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள். பியூட்டியைச் சுழியத்துக்கு இழுத்துவிடுங்கள். மாநிறத்துக்குக் காலை வெயில் செய்வதை எந்த ஃபில்டரும் செய்யாது.

போர்ட்ரெய்ட் முறை இன்னொரு வகை. பெரிய லென்ஸில் பின்னணி மங்குமே, அதைக் கணக்குப் போட்டுப் பொய்யாகச் செய்வது. 2016-இல் பின்பக்கக் கேமராவுக்கும் 2017-இல் முன்பக்கத்துக்கும் ஐபோனில் வந்தது. கல்யாண வீட்டில் நன்றாக இருக்கும். இங்கே வந்து கோபுரத்தை மங்கலாக்கிக்கொள்வது எதற்கு? தலையில் வைத்த மல்லிகைச் சரத்தில் பாதியையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும்.

இரவு கிரிவலம் என்றால் கதை வேறு. 14 கிலோமீட்டர் பாதையில் தெருவிளக்கும் கடை விளக்கும் மாறி மாறி வரும். முன்பக்கத்தில் ஃபிளாஷ் வைக்க இடமில்லாததால் திரையையே ஒரு கணம் வெள்ளையாக எரியவிடும் யுக்தியை 2015-இல் ஐபோன் 6எஸ் பரப்பியது. அது முகத்துக்கு மட்டும் எட்டும், மலைக்கு எட்டாது. நைட் முறை பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது; ஓரிரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் பின்னால் வருபவர் இடிப்பார். ஓரமாகப் போய் நின்று எடுங்கள். எல்லாவற்றுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். கற்பூர வெளிச்சம் படத்தில் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போனால், அது அருள் இல்லை, கட்டைவிரல் எண்ணெய்.

ஃபோகஸ் மோட்டார் இல்லாத குறையும் மெல்லத் தீர்ந்துவருகிறது. ஐபோனின் முன்பக்கக் கேமராவுக்குத் தானாக ஃபோகஸ் செய்யும் திறன் 2022-இல் 14-ஆம் வரிசையில்தான் வந்தது. அந்த ஐபோன் 14, வெளிவந்த அதே மாதத்திலேயே ஶ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையிலும் உருவாகத் தொடங்கியது. தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் ஆலை அது.

இத்தனையும் கோயிலுக்கு வெளியே. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. சன்னதியில் நின்று செட்டிங்ஸ் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. கார்த்திகை தீபம் வெட்டவெளியில் தெரிவது, அதற்குத் தடை இல்லை. ஆனால் 2,668 அடி உயரத்தில் எரியும் சுடர், முன்பக்கக் கேமராவின் அகன்ற லென்ஸில் ஒரு புள்ளியாகத்தான் விழும். அந்தப் புள்ளிக்காக லட்சக்கணக்கானோர் நிற்கும் கூட்டத்தில் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைத் தூக்கிப் பின்னால் இருப்பவரின் தரிசனத்தை மறைக்க வேண்டாம். தீபம் 11 நாள் எரியும். முதல் நாள் கண்ணால் பாருங்கள். படத்துக்கு இன்னும் 10 நாள் இருக்கிறது.